உடையாமல் எடுப்பது எப்படி?

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ரோபோக்களைப் பற்றி ஏதாவது பேசுங்கோ, ஆனால் எல்லாருக்கும் விளங்க வேணும்" என்று செயலாளர் கேட்டிருந்தார். ரோபோ என்றவுடன் கார்த் தொழிற்சாலையில் தீப்பொறி பறக்க இரும்பை ஒட்டும் பெரிய இயந்திரக் கைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் பேசப்போவது வேறொரு கையைப் பற்றி. ஆய்வுகூடத்தில் இருக்கின்ற, உடையக்கூடிய, சிந்தக்கூடிய, நசியக்கூடிய பொருட்களை ஓர் இயந்திரக் கை எப்படி எடுக்கிறது, எப்படித் திரும்ப வைக்கிறது என்பதுதான் என் தொழில். இன்றைய பேச்சும் அதுதான்.

காரின் கதவைத் தூக்குவது இயந்திரத்துக்குச் சுலபமான வேலை. கதவின் நிறை தெரியும், வடிவம் தெரியும், அது எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதும் தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரம் கதவு வந்தாலும் ஆயிரமும் ஒன்றே. ஆனால் கண்ணாடி வழுக்கியின்மேல் ஒரு மூடுகண்ணாடியைப் பதிப்பதை நினைத்துப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் வெங்காயத் தோலை வைத்துச் செய்த வேலை. அந்தக் கண்ணாடியின் தடிப்பு ஏறக்குறைய 0.17 மில்லிமீற்றர். ஒரு விளிம்பை முதலில் தொடவைத்து, சரித்து, வளிக்குமிழி அகப்படாமல் மெல்ல இறக்க வேண்டும். எவ்வளவு மெல்ல என்று எந்தப் பாடநூலிலும் இலக்கம் போட்டிருக்கவில்லை. ரீச்சர் செய்து காட்டினார், நாங்கள் பார்த்துச் செய்தோம், இரண்டு மூன்று உடைந்தன, பிறகு கைக்கு வந்துவிட்டது. "கைக்கு வந்துவிட்டது" என்று தமிழில் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தேடுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியலாளர்கள் மெனக்கெட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

உடைவது கண்ணாடி மட்டுமல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த மண்டபத்தில் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்களாக வேலை செய்த, செய்கின்ற பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது புதிதல்ல. குருதியை மெல்லிய துளையினூடாக வேகமாகத் தள்ளினால் செங்குழியங்கள் வெடிக்கும். செங்குழியத்தின் உள்ளே இருக்கும் பொற்றாசியத்தின் செறிவு வெளியே உள்ள திரவவிழையத்தில் இருப்பதைவிட இருபது மடங்குக்கும் அதிகம். கொஞ்சக் கலங்கள் வெடித்தாலே அளவீடு கூடிவிடும். நோயாளிக்கு இல்லாத ஆபத்து அறிக்கையில் வந்துவிடும். குழாய் முழுதாகத்தான் இருக்கும், ஒரு கீறலும் இருக்காது, ஆனால் உள்ளே இருப்பது பழுதாகிவிட்டது.

பிறகு, திரும்பப் பெறமுடியாத பொருட்கள். ஒரு கிலோ எடையில் முன்கூட்டியே பிறந்துவிட்ட குழந்தையின் உடலில் இருக்கும் குருதி முழுவதுமே ஏறக்குறைய 80 முதல் 100 மில்லிலீற்றர்தான், ஒரு சிறிய தேநீர்க் கோப்பைக்கும் காணாது. அதிலிருந்து எடுத்த அரை மில்லிலீற்றரைச் சிந்திவிட்டு "இன்னொருக்கால் எடுத்துத் தாருங்கோ" என்று கேட்பது அவ்வளவு இலேசான காரியமல்ல. புற்றுநோயா என்று பார்க்க ஈரலில் இருந்து ஊசியால் எடுத்த நூல்போன்ற இழையத் துண்டும் அப்படித்தான். அதை மெழுகில் பதித்து 4 மைக்குரோமீற்றர் தடிப்பில் சீவுகிறார்கள். எங்கள் தலைமயிரின் தடிப்பில் பதினைந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீவலை நீரில் மிதக்கவிட்டு வழுக்கியில் ஏந்தி எடுக்கும் கைகள் இந்த ஊரிலும் இருக்கின்றன.

எங்கள் கை இதை எப்படிச் செய்கிறது? சுவீடனில் ஊமெயோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யொஹான்சன் என்ற உடற்றொழிலியல் அறிஞர் 1970களிலும் 80களிலும் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத் தோலில் ஏறக்குறைய 17,000 தொடுகை நரம்புநார்கள் இருப்பதாக அவரும் அவரது சகாவும் கணக்கிட்டார்கள். பிறகு, சிறு பொருளொன்றை இரண்டு விரலால் தூக்கச் சொல்லி, விரல் எவ்வளவு விசையால் நெருக்குகிறது என்று அளந்தார்கள். பொருளின் மேற்பரப்பு உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருந்தால் நெருக்கும் விசை குறைவு. பட்டுத்துணி போல் வழுக்கினால் அதிகம். எப்போதும், நழுவாமல் இருக்கத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் நெருக்குகிறோம். பொருள் ஒரு மயிரிழை நழுவினால், ஏறக்குறைய 0.07 செக்கனில் பிடி இறுகிவிடுகிறது. நழுவியது எங்களுக்கு உணர்வில் தெரியுமுன்னரே விரல் தன் வேலையைச் செய்து முடித்துவிடுகிறது.

அவருடைய ஆய்வுகூடத்தில் எடுத்த ஒரு சிறு படத்தை இந்தத் துறையில் உள்ள எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு பெண் நெருப்புப்பெட்டியில் இருந்து குச்சி ஒன்றை எடுத்துப் பற்றவைக்கிறாள். சில செக்கன் வேலை. பிறகு விரல் நுனிகளை ஊசி போட்டு விறைக்கவைத்துவிட்டு அதையே செய்யச் சொல்கிறார்கள். கண் நன்றாகத் தெரிகிறது, தசைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குச்சியை எடுக்கத் தடுமாறுகிறாள், கீழே போடுகிறாள், திருப்பிப் பிடிக்க முடியவில்லை. பல மடங்கு நேரம் செல்கிறது. இன்றைய பெரும்பாலான இயந்திரக் கைகள் அந்த ஊசி போட்ட விரல்கள்தான். கமராவும் உண்டு, வலுவான மோட்டரும் உண்டு, தொட்டதும் தெரிவதில்லை.

இதை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்கள் அணு விஞ்ஞானிகள். கதிர்த்தொழிற்பாடுள்ள திரவங்களையும் கண்ணாடிக் குடுவைகளையும் தடித்த சுவருக்கு அப்பால் வைத்துத்தான் கையாள முடியும். சிக்காகோவுக்கு அருகில் உள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தில் ரேமண்ட் கேர்ட்ஸ் என்ற பொறியியலாளர் 1940களின் இறுதியில் ஒரு சோடிக் கையைச் செய்தார். சுவருக்கு இந்தப் பக்கம் மனிதன் ஒரு கைப்பிடியை அசைத்தால், அந்தப் பக்கம் இயந்திரக் கவ்வி அதேபோல் அசையும். இரண்டையும் பொறிமுறையாகவே இணைத்திருந்ததால், கவ்வி எதிலாவது முட்டினால் அந்த முட்டல் மனிதனின் கைக்கும் வந்து சேரும். பின்னர் 1954 அளவில் மின்மோட்டர்களால் இயங்கும் கைக்கு மாறியபோது கேர்ட்ஸ் ஒரு விடயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. விசை திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே அந்தப் பக்கத்து எதிர்ப்பை மோட்டர் மூலம் இந்தப் பக்கக் கைப்பிடியில் உண்டாக்கினார். அந்தத் திரும்பி வரும் உணர்வு இல்லாவிட்டால் குடுவைகள் எத்தனை நொறுங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஆய்வுகூடங்கள் முதலில் போனது இந்த வழியில் அல்ல. அவர்கள் வேறொரு கெட்டித்தனம் செய்தார்கள். கையைப் பொருளுக்கு ஏற்ப மாற்றுவதற்குப் பதிலாக, பொருள்களை எல்லாம் ஒரே அச்சாக்கிவிட்டார்கள்.

ஹங்கேரியில் 1951இல் கியூலா தக்காச்சி என்ற மருத்துவர், இன்புளுவென்சாப் பரிசோதனைகளைக் குறைந்த செலவில் விரைவாகச் செய்ய ஒரு பிளாஸ்ரிக் பலகையில் 6 வரிசையாக, வரிசைக்கு 12 குழி வீதம் குடைந்தார். ஒவ்வொரு குழியும் ஒரு குட்டிச் சோதனைக்குழாய். அது வளர்ந்து 96 குழித் தட்டாகியது. குழிக்குக் குழி இடைத்தூரம் 9 மில்லிமீற்றர். தட்டின் நீளம் 127.76 மில்லிமீற்றர், அகலம் 85.48 மில்லிமீற்றர் என்று பின்னர் நியமமும் வகுத்துவிட்டார்கள். எந்த நாட்டில் எந்தக் கொம்பனி செய்தாலும் அதே அளவு. இது தெரிந்தால் இயந்திரத்துக்குக் கண்ணும் வேண்டாம், தொடுகையும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு அடுத்த குழிக்குப் போகலாம். யப்பானில் கொச்சி மருத்துவக் கல்லூரியில் மசஹிதே சசாகி என்ற மருத்துவர் 1980களின் தொடக்கத்தில், ஆளணி போதாமையால், குருதிக் குழாய்களை ஓடும் பட்டியில் ஏற்றி இயந்திரத்துக்கு இயந்திரம் அனுப்பும் ஓர் ஆய்வுகூடத்தைத் தானே கட்டியெழுப்பினார். இன்று உலகின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓடும் பட்டிகளெல்லாம் அவருடைய வழியில் வந்தவை.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொருளை மாற்றிவிட்டால் கெட்டிக்கார இயந்திரம் தேவையில்லை என்பது எங்கள் துறையின் மிக மலிவான, மிகச் சிறந்த யோசனை. நாங்கள் ஒரு கோடி ரூபாவுக்குச் செய்ய நினைப்பதை ஒரு நல்ல தாங்கி பத்தாயிரம் ரூபாவுக்குச் செய்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. அதைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளர்கள்தான் அதிகம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பட்டியில் ஏற்றமுடியாத மிச்சத்தில். பெயர்ச்சீட்டைக் கோணலாக ஒட்டிய குழாய். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சீட்டு ஒட்டித் தடித்துப்போன குழாய். மறை மூடி இறுகிப்போன குழாய். குழந்தைப் பிரிவில் இருந்து வரும் கடுகுபோன்ற சின்னக் குழாய். உறைநிலையில் இருந்து எடுத்ததும் வெண்பனி படிந்து வழுக்கும் குப்பி. வெட்டிய கையோடு வந்த, இரண்டு ஒரே மாதிரி இல்லாத இழையத் துண்டுகள். இவற்றை ஒரே அச்சாக்க முடியாது. இவற்றுக்குத்தான் தொட்டுப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் கை வேண்டியிருக்கிறது.

அப்படியொரு கைக்கு முதலாவது தேவை, விட்டுக்கொடுக்கும் குணம். சாதாரண ரோபோவுக்கு "இந்தப் புள்ளிக்குப் போ" என்றுதான் கட்டளை. நடுவில் கண்ணாடி இருந்தாலும் அது போகத்தான் பார்க்கும். குழாயை அதன் தாங்கித் துளையில் இறக்கும்போது அரை மில்லிமீற்றர் பிசகினாலும், வளையாத கை கண்ணாடியை விளிம்பில் வைத்து நெம்பும். கண்ணாடிக்கு நெருக்கலைத் தாங்கும் வலு நன்றாக உண்டு. வளைத்தால், அதுவும் மேலே ஒரு கீறல் இருந்தால், பட்டென்று போய்விடும். எம்ஐரியில் நெவில் ஹோகன் 1985இல் இதற்கு அழகான ஒரு வழியை எழுதினார். "அந்தப் புள்ளிக்குப் போ" என்பதற்குப் பதிலாக, "அந்தப் புள்ளியோடு ஒரு சுருளிவில்லால் கட்டப்பட்டதுபோல் நடந்துகொள்" என்று கைக்குச் சொல்லுங்கள் என்றார். தடை வந்தால் வில் நீளும், கை நிற்கும். வில் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை மென்பொருளில் நொடிக்கு நொடி மாற்றலாம். காற்றில் போகும்போது விறைப்பாகவும், கண்ணாடியைத் தொடப்போகும்போது தளர்வாகவும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளே, ஊக்கின் விதி என்று இரண்டு வரியில் படித்துவிட்டுப் புள்ளிக்காக எழுதும் அதே சுருளிவில்தான்.

இரண்டாவது, தொட்டு அறிவது. 2020இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ கூப்பரின் குழு, சில்லில் நகரும் ஒரு ரோபோவைச் சாதாரண இரசாயன ஆய்வுகூடத்தில் வேலைக்கு விட்டது. 400 கிலோ எடை. நீரிலிருந்து ஐதரசனைப் பிரிக்க உதவும் ஊக்கிகளைத் தேடி 8 நாளில் 688 பரிசோதனைகளைத் தானே செய்து, ஆரம்பத்தில் இருந்ததைவிட ஆறு மடங்கு திறனுள்ள கலவை ஒன்றைக் கண்டுபிடித்தது. பத்திரிகைகள் எல்லாம் அதன் "மூளை"யைப் பற்றி எழுதின. எனக்குப் பிடித்தது வேறு. நகர்ந்து வந்து ஒரு மேசைக்கு முன்னால் நின்றால், தான் நிற்கும் இடம் அதற்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் உறுதி. அந்தத் துல்லியத்தில் கண்ணாடிக் குப்பியைத் தொட்டால் கதை முடிந்தது. ஆகவே மேசையில் பொருத்தியிருக்கும் ஒரு சிறு கனக்குற்றியை அது முதலில் ஆறு இடத்தில் மெதுவாகத் தொட்டுப் பார்க்கிறது. பிறகு 0.12 மில்லிமீற்றர் துல்லியத்தில் வேலை தொடங்குகிறது. இருட்டில் மின்குமிழ் ஆளியைத் தடவித் தேடுவதற்கு முதல் சுவரைத் தொட்டுக்கொள்கிறோமே, அதே யோசனை.

தொடுகை உணரிகளில் எனக்கு மிகவும் விருப்பமானது எம்ஐரியில் எட்வர்ட் அடெல்சன் 2009 அளவில் உருவாக்கியது. அவர் வாழ்நாள் முழுவதும் பார்வையை ஆராய்ந்தவர். தனக்குக் குழந்தை பிறந்தபின் அது பார்ப்பதைக் கவனிக்க எண்ணியிருந்தவர், விரலால் தடவித் தடவி உலகத்தை அறிவதைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் செய்த விரல் நுனி, தெளிவான மென்மையான இறப்பர் ஒன்று. வெளிப்பக்கம் பளபளக்கும் மெல்லிய பூச்சு, உள்ளே பல பக்கத்திலிருந்து விளக்கு, பின்னால் ஒரு சிறிய கமரா. பொருள் பட்டதும் இறப்பர் அதன் வடிவத்துக்குப் பள்ளமாகும், கமரா அந்தப் பள்ளத்தைப் பார்க்கும். பள்ளத்தின் ஓரம் அரும்பாக அசையத் தொடங்கினால், பொருள் நழுவப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும். தொடுகையைப் பார்வையாக மாற்றிவிட்டார். யொஹான்சன் அளந்த அந்தச் "சற்றே கூடுதல்" பிடியை இயந்திரத்துக்குக் கொடுக்க இது ஒரு நல்ல வாசல்.

மூன்றாவது வழி, கையையே மென்மையாகச் செய்துவிடுவது. 2010இல் கோர்னெல், சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பலூனுக்குள் அரைத்த கோப்பித்தூளை நிரப்பி ஒரு கை செய்தார்கள். பலூனைப் பொருளின்மேல் அமுக்கினால் தூள் இளகி அதைச் சுற்றிப் படியும். உள்ளிருக்கும் வளியை உறிஞ்சினால், வெளி வளியின் அமுக்கத்தில் தூள் இறுகிக் கல்லாகிவிடும். கடையில் வெற்றிடப் பொதியில் வரும் கோப்பிப் பக்கற் செங்கல்போல் இருப்பதும், ஓரத்தை வெட்டியதும் பொலபொலவென்று ஆகிவிடுவதும் நீங்கள் அறிந்ததுதான். அந்தக் கை பச்சை முட்டையையும் தூக்கியது. அடுத்த ஆண்டு ஹாவார்டில் ஜோர்ஜ் வைற்சைட்ஸின் குழு, வளியூதினால் சுருளும் இறப்பர் விரல்களால் பச்சை முட்டையையும், மயக்கமருந்து கொடுத்த ஓர் எலியையும் காயமின்றித் தூக்கிக் காட்டியது. 2019இல் அங்கேயே, நூடில்ஸ் நார்போல் ஆறு விரல் உள்ள ஒரு கை வந்தது. தண்ணீரை உள்ளே செலுத்தினால் விரல்கள் வளைந்து சொறிமுட்டையை அணைத்துப் பிடிக்கும். எங்கள் கண்ணிமை கண்ணில் தரும் அமுக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அது அழுத்துகிறது.

இந்த மென்கைகளைக் காட்டினால் எந்தக் கூட்டத்திலும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றை இப்போது கொஞ்சம் அளவுக்கு மிஞ்சிப் புகழ்கிறார்கள். எடுப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். வைப்பதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கோப்பிப் பலூன் ஒரு குழாயை அழகாக எடுத்துவிடும், ஆனால் எடுத்த குழாய் அதற்குள் எந்தச் சரிவில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 13 மில்லிமீற்றர் குழாயை அதைவிடச் சற்றே பெரிய துளையில் நேராக இறக்கும்போது தெரியாமல் முடியாது. ஆய்வுகூடத்தில் விபத்துகள் அதிகம் நேர்வதும் இந்த வைக்கும் கட்டத்தில்தான். அதனால் என்னிடம் கேட்டால், எலும்பு விறைப்பாகவும் விரல் நுனி மட்டும் மென்மையாகவும் உள்ள கைதான் ஆய்வுகூடத்துக்குப் பொருந்தும். எங்கள் கையும் அப்படித்தானே இருக்கிறது.

திரவத்தை எடுப்பதும் ஒரு பிடிதான். அந்தக் காலத்தில் குழாயியை வாயில் வைத்து உறிஞ்சினோம் என்று சொன்னால் இந்தப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். 1957இல் ஜேர்மனியில் மார்புர்க்கில் ஹைன்ரிஷ் ஷ்னிற்கர் என்ற இளம் மருத்துவ ஆய்வாளர் வாயால் உறிஞ்சுவதைச் சகிக்கமாட்டாமல் பெருவிரலால் அமுக்கும் குழாயியைச் செய்தார். உலகத்தின் வாய்கள் தப்பின, பெருவிரல்கள் அகப்பட்டன. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை அமுக்கி, பெருவிரல் அடியில் தீராத நோவோடு இளைப்பாறியவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, கை உயர்த்துவதும் சிலருக்குக் கஷ்டம். இன்றைய இயந்திரக் குழாயிகளில் நல்லவை உறிஞ்சும்போது உள்ளிருக்கும் வளியின் அமுக்கத்தை இடைவிடாமல் அளக்கின்றன. திரவம் தடிப்பாக இருந்தால் அமுக்கம் ஒரு விதமாக மாறும், குருதிக்கட்டி அடைத்தால் வேறு விதமாக மாறும், வளியை உறிஞ்சினால் இன்னொரு விதம். அதைக் கண்டு வேகத்தைக் குறைக்கவும், நிறுத்தி ஆளைக் கூப்பிடவும் முடியும்.

இதில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது யப்பானில் நடந்த ஒரு வேலை. மசாயோ தக்கஹாஷி என்ற கண் மருத்துவர், தூண்டப்பட்ட தண்டுக்கலங்களில் இருந்து விழித்திரைக்குரிய நிறப்பொருட் கலங்களை வளர்த்து, 2014இல் முதல் தடவையாக ஒரு நோயாளியின் கண்ணில் வைக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். அந்தக் கலங்களை வளர்ப்பது கைப்பக்குவம் நிறைந்த வேலை. ஒரே செய்முறையைப் படித்துச் செய்தாலும், ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. எங்கள் வீடுகளில் ஊறுகாய் போடுவதைப் போல என்று வையுங்கள். அவரும் உடன் உழைத்தவர்களும் அதை "மஹோலோ" என்ற இரண்டு கை ரோபோவிடம் கொடுத்தார்கள். மனிதர் பாவிக்கும் அதே குழாயி, அதே தட்டு, அதே அடைகாப்புப் பெட்டி. ஆனால் ரோபோவுக்குப் "பக்குவமாக" என்று சொல்ல முடியாது. கலங்களைத் தட்டிலிருந்து கழற்றும்போது குழாயியை எவ்வளவு வலுவாக இயக்குவது, நொதியத்தை எத்தனை நிமிடம் விடுவது என்று எல்லாவற்றுக்கும் இலக்கம் வேண்டும். இலக்கங்களை மாற்றி மாற்றி 111 நாளில் 143 விதமாகச் செய்து பார்த்தார்கள். முதலில் இருந்த முறையைவிட விளைவு 88 சதவீதம் உயர்ந்தது. 2022இல் வெளியிட்டார்கள். கெட்டிக்காரியின் கைக்குள் எழுதப்படாமல் இருந்தது, எழுதப்பட்ட இலக்கமாக வெளியே வந்தது. அவர் இளைப்பாறினாலும் அது இருக்கும்.

இதைக் கேட்டதும் ஆய்வுகூடத்தில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு கேள்வி வரும். சென்ற கிழமை ஒருவர் தொலைபேசியில் நேரடியாகவே கேட்டார்: "அக்கா, அப்ப எங்கட வேலை போகுமோ?" மழுப்பாமல் சொல்கிறேன். ஒரே அளவுக் குழாயை ஆயிரம் தடவை திறந்து மூடும் வேலை போகும், போக வேண்டும். அதில் யாருடைய பெருவிரலும் இனித் தேயத் தேவையில்லை. கோணல் குழாயும், கடுகுக் குழாயும், "இது சரியில்லை, திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ" என்று வார்ட்டுக்குச் சொல்லும் தீர்ப்பும் நீண்ட காலத்துக்கு உங்களிடம்தான் இருக்கும். ஆனால் அதற்கான ஆளணியையும் சம்பளத்தையும் வெட்டிவிட்டு "இயந்திரம் வந்துவிட்டதே" என்று நிர்வாகம் சொன்னால், அப்போது பேச வேண்டியவர்கள் நீங்கள். இயந்திரம் எதைச் செய்யாது என்பதை அதோடு நாள் முழுக்க நிற்பவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

உங்களில் சிலர் இப்போது ஆஸ்பத்திரிகளில் கொள்வனவுக் குழுக்களில் இருக்கிறீர்கள். விற்பனையாளர் காட்டும் செய்முறைக்கு அவர் கொண்டுவரும் புத்தம்புதிய குழாய்களை ஏற்காதீர்கள். உங்கள் ஆய்வுகூடத்தில் அந்த வாரம் வந்தவற்றுள் மிகமோசமான ஐம்பது குழாய்களின் அச்சில், சீட்டு உரிந்தது, மூடி இறுகியது, அரைவாசி நிரம்பியது என்று தண்ணீர் நிரப்பி நீங்களே தயார்செய்து எடுத்துப் போங்கள். குழாய் கையில் இருக்கும்போது மின்சாரம் போனால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல், ஆளியை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கவ்வியில் மின்சாரம் போனாலும் விரல் விரியாதபடி சுருளிவில்லோ தடுப்போ இருக்கும். சுமாரானது குழாயைக் கீழே போட்டுவிடும். எங்கள் நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. விரல் நுனியில் இருக்கும் மென்பட்டை தேயும் பொருள். அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது, இங்கே கிடைக்குமா, திருத்துபவர் கொழும்பில் இருக்கிறாரா வெளிநாட்டில் இருக்கிறாரா என்பதையும் கடதாசியில் வாங்குங்கள். தூக்கும் வேகத்தைப் பற்றி அவர்கள் எப்படியும் சொல்லுவார்கள், நீங்கள் கேட்கத் தேவையில்லை.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் துறைக்குப் பொறியியல் பீடம் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். எங்கள் குழுவில் உயிரியல் படித்தவர், நெசவு படித்தவர், ஆய்வுகூட உதவியாளராகத் தொடங்கியவர் எல்லோரும் இருக்கிறார்கள். விரல் நுனியின் துணி எப்படி இழைக்கப்பட வேண்டும் என்று நெசவு படித்தவர்தான் சொன்னார்.

நேரமாகிவிட்டதென்று தலைவி மணிக்கூட்டைக் காட்டுகிறார். அதிபர் அவர்களின் அனுமதியோடு கீழே பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இரண்டு கைகள் வைத்திருக்கிறோம். ஒன்று பலூனும் கோப்பித்தூளும் சிறிஞ்சும் கொண்டு நேற்றுப் பின்னேரம் பிள்ளைகளே செய்தது. மற்றது சாதாரண இரும்புக் கவ்வி. பக்கத்தில் முப்பது முட்டை. தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள். முதலில் இரும்புக் கவ்வியால் முயலுங்கள். கீழே தட்டம் வைத்திருக்கிறது. சேலையைச் சற்று ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.